கதவைச் சாத்தி அறுத்த பலா

அந்த வருடம் எங்கள் ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பலாப்பழம் அறுத்தார்கள். வெளியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பலாப்பழத்தின் வாசத்தைக் கதவு போட்டு நிறுத்த முடியாது. கூரை இடுக்கிலும் நிலைப்படிக்கு அடியிலும் புகுந்து தெருவுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அண்ணன் கோணியை விரித்து, கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தபோது, அவருடைய மகள் சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த குழந்தை. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"அப்பா, வாசம் போயிடுச்சு" என்றாள்.

"எங்க போச்சு?"

"கடைசி வூட்டுக்கு."

"போனா இன்னா?"

"போய்க் கூப்ட்டுச்சு இல்ல? கூப்ட்டா அவங்க வருவாங்க இல்ல? நீ கதவ சாத்திட்டா எப்பிடி வருவாங்க?"

அண்ணன் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

எங்கள் புதூர்நாட்டு மலைப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பழம் அறுக்கும் இடத்தில் யார் வந்து நின்றாலும், அவருக்குச் சுளை வைக்காமல் வீட்டார் வாயில் வைக்கக் கூடாது. பேச்சு வார்த்தை இல்லாதவராக இருந்தாலும் சரி, வழி கேட்டு வந்த வெளியூர்க்காரராக இருந்தாலும் சரி. நாலு பேர் வரட்டும் என்றுதான் எப்போதும் வாசலில் உட்கார்ந்து அறுப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தால் அந்த வழக்கத்தை மீறியதாக ஆகாது. யாரும் வந்து நிற்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஊரே சேர்ந்து பேசி முடிவெடுத்தது போல அந்த வருடம் எல்லோரும் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் ஊரின் கடைசி வீடு. அந்த வீட்டுக்காரர் முந்தின கோடையில் ஒரு ஆளோடு ஜீப்பில் கீழே இறங்கிப் போனார். ஆந்திராவில் மரம் வெட்டும் வேலை என்று சொல்லி அழைத்துப்போனார்கள். எந்த மரம் என்று கேட்கவேண்டியதில்லை, திருட்டுச் செம்மரம்தான், மலையில் எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்து, விதைத்த சாமை பதராகப் போயிருந்த வருடம் அது. பசித்த வீட்டிலிருந்து போனார், பிடிபட்டார், அங்கேயே சிறையில் வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் ஊருக்குப் போலீஸ் ஜீப் வந்து, அவர் யாரோடு பழகினார், யார் வீட்டுக்குப் போவார் வருவார் என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனது. அதோடு ஊர் பயந்துவிட்டது. அந்த வீட்டோடு பேசினால் நம் பேரும் எழுதிக்கொள்வார்கள் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அந்த வீட்டு அக்கா தண்ணீர் எடுக்க வந்தால் மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவளுக்கு ஒரு மகள், பாப்பாவோடு படிப்பவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பசி தாங்காமல் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காப்பி எஸ்டேட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போனால் அந்தப் பெண்ணுக்குப் படிப்பு அதோடு போயிற்று. எஸ்டேட்டுக்குப் போன குடும்பங்கள் திரும்பி வந்ததை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பாப்பாவுக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தன் கூட்டாளி ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணனைப் பற்றியும் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் கை இறுகிய மனிதர். அவரிடம் ஒரு பிடி கேழ்வரகு வாங்குவது பாறையில் நீர் எடுப்பது போல. எனக்குக் கல்யாணம் ஆகி, அது சரிவராமல் நான் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தபோது, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். இருக்கலாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். எங்கள் அப்பா இறந்தபின் சின்ன வயதிலேயே நிலத்தில் இறங்கி மாடாக உழைத்தவர். தானியம் எப்படித் தீரும் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே யாருக்கும் கொடுக்கப் பயந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று பாப்பா அப்பாவின் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தாழ்ப்பாளை எம்பி இழுத்துக் கதவைத் திறந்துவிட்டு ஓடினாள். திரும்பி வரும்போது கடைசி வீட்டுக் கூட்டாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்குத்தான் பொம்பளப் புள்ள வேணும்னு கேட்டியா? வூட்ட வித்துட்டு வந்து நிக்கும் பாரு உம் பொண்ணு" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். அண்ணன் தேக்கிலையை எடுத்து, முதல் சுளைகளை அதில் வைத்து, எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் நீட்டினார். வந்து நின்றுவிட்டாள், இனி வேறு வழி இல்லை. அவரே எழுந்துபோய் ஒருவருக்குச் சுளை கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பாப்பாவைப் பிடிக்க முடியவில்லை. எந்த வீட்டிலிருந்து வாசம் வருகிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். குழந்தைதானே என்று திறப்பார்கள். திறந்தால் வந்து நின்ற கணக்கு, கொடுத்தே ஆகவேண்டும். வாங்கிய சுளையை அங்கே தின்னமாட்டாள். இலையை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி வீட்டுக்குப் போவாள். கொடுத்துவிட்ட பிறகு அது அவளுடையது, யாருக்குத் தருகிறாள் என்று யார் கேட்பது? "கதவத் தொறங்க, பஞ்சாயத்துத் தலைவி வந்துட்டாங்க" என்று ஒரு வீட்டுப் பெரியவர் கிண்டல் செய்வார். அதற்கு அவள், "சின்ன சொளையா வெக்காதீங்க தாத்தா, அங்க மூணு பேரு கீறாங்க" என்பாள். உள்ளே இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்துவிட்ட பிறகு மறுப்பது கஷ்டம்.

ஒரு குழந்தை கதவைத் தட்டித் தட்டி ஒரு ஊரை வெட்கப்படுத்திவிட்டது. பெரியவர் யாராவது நியாயம் பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும், ஜீப் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். இலையை நீட்டி நிற்கும் குழந்தையிடம் அதையெல்லாம் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் வீடுகளே கொடுக்க ஆரம்பித்தன. ஒருவர் சாமை நொய் கொண்டுபோனார், ஒருவர் கேழ்வரகு மாவு கொண்டுபோனார். ஆடியில் மழை விழுந்தபோது விதைச் சாமையும் போனது. அதில் பாதி எங்கள் வீட்டுக் குதிரிலிருந்து போனது. அண்ணனே அள்ளிக் கட்டினார். அண்ணி முறைத்தபோது, "பாப்பா நச்சரிக்குது, இன்னா பண்றது?" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சலிப்பு இல்லை. தன்னால் இது முடிகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது.

ஆனால் ஒன்றை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அதிகம் பேச வராது, அதனால் பார்க்கிற பழக்கம் அதிகம். எல்லோரும் கொடுத்தார்கள், ஆனால் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உட்காருங்கள் என்று அக்கா பாய் எடுப்பதற்குள் பாதி வழி வந்துவிடுவார்கள். தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அங்கே உட்கார்ந்து தின்றது பாப்பா மட்டும்தான். காலையில் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன மாவில் அங்கே கிண்டிய களியை, மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து இரண்டு உருண்டை தின்றுவிட்டு வருவாள். "குடுத்ததையே போய்த் துன்னுட்டு வருது, இது இன்னா கூத்து?" என்று அண்ணி திட்டுவாள். அந்த அக்கா எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்வாள். பாப்பாவைப் பார்த்தால் மட்டும் அதட்டுவாள்: "ஏய், கால கழுவினு வாடீ உள்ள." அந்த அதட்டலில்தான் அவள் பழைய அக்காவாக இருந்தாள்.

அந்த வருடம் சாமை நன்றாக விளைந்தது. எங்கள் பக்கம் புது சாமை குத்தியதும் முதலில் ஒரு கூடை எடுத்து, ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரு கை அளவு கொடுத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். கொடுப்பது பெரிதில்லை, அந்த ஒரு கையை வாங்கிக்கொள்வதுதான் முக்கியம். ஒரு வீட்டுப் புது சாமையை வாங்கவில்லை என்றால், அந்த வீட்டை ஊரில் சேர்க்கவில்லை என்று பொருள். பெரிய தகராறு நடந்த வீடுகளுக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார்கள். கடைசி வீட்டு அக்காவும் தன் சாமையைக் குத்தினாள். தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, மகளை முன்னால் நடக்கவிட்டு வந்தாள். அவள் நிமிர்ந்து நடந்து வெகு நாளாகியிருந்தது.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அண்ணன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, புது சாமை" என்று கூடையை இறக்கினாள். அண்ணன் கூடையைப் பார்த்தார், அவள் பிள்ளையின் மெலிந்த கையைப் பார்த்தார். அந்த வருடம் கொடுத்துக் கொடுத்து அவருக்கு மனசு இளகிப்போயிருந்தது. "எனக்கு எதுக்கும்மா? நீயே வெச்சிக்க. புள்ளைங்களுக்கு ஆவட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவ்வளவு அன்பாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பாப்பா மட்டும் ஓடிவந்து கூடையில் கையை விட்டாள். அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்து, "விடுடீ, அவங்க வயித்துக்கே இல்ல" என்றாள். பாப்பாவின் விரல் இடுக்கில் இருந்த சாமை மண்ணில் சிந்தியது. அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் வாங்காததைப் பார்த்துவிட்டு, அதுதான் பெரிய மனசு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நீயே வெச்சிக்கோ, நீயே வெச்சிக்கோ என்று தெரு நெடுகக் கேட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரங்கித்தான் சொன்னார்கள். அவள் ஊரைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டித் திரும்பிப் போனபோது கூடை நிறைந்தே இருந்தது. மகள் அழுதுகொண்டே பின்னால் போனாள்.

காப்பிப் பழம் பறிக்க ஆள் கூட்ட எஸ்டேட் மேஸ்திரி ஜீப்போடு வந்தபோது, அவள்தான் முதலில் ஏறி உட்கார்ந்தாள். குதிரில் தானியம் இருந்த நேரத்தில் போனாள். பட்டினி கிடந்த மாதங்களில் போகாதவள் அப்போது ஏன் போனாள் என்று ஊருக்குப் புரியவில்லை. "இவ்ளோ செஞ்சோம், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாளா பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. அவள் அழவில்லை. அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

"அவங்க குடுத்தத ஏம்ப்பா நீ வாங்கல?"

"பாவம்னு தாம்மா."

"பாவம்னா வாங்கிக்கணும் இல்ல?"

இதையே அவள் நாள் முழுக்கக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். ஒரு நாள் அண்ணன் கையை ஓங்கிவிட்டார், ஆனால் அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிவிட்டு வெளியில் போனார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மற்ற வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட அண்ணனுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. பேசாமல் சுற்றிவரும் குழந்தையைப் பார்க்க அவரால் முடியவில்லை.

திருப்பத்தூரைத் தாண்டி அறியாத மனிதர், பொங்கல் முடிந்ததும் ஒரு பையில் மாற்று வேட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினார். மேஸ்திரியிடம் வழி கேட்டுக்கொண்டு, ரயிலும் பஸ்ஸுமாகச் சிக்மகளூர் பக்கம் அந்த எஸ்டேட்டைத் தேடிப் போனார். அங்கே நடந்ததை அவர் ஒரே தடவையில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடங்களில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு அறை. அக்கா அவரைப் பார்த்துத் திகைக்கவில்லை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், களி போட்டாள். அவர் உட்கார்ந்து தின்றார். இன்னும் ஒரு உருண்டை கேட்டு வாங்கியும் தின்றார். ஊருக்கு வந்துவிடும்மா, நான் செய்தது தப்பு என்றார். அவள் கோபப்படவில்லை. "உங்க சோத்தத் துன்னுதாங்ணா எம் புள்ளைங்க பொழைச்சுது, அத மறக்க மாட்டேன். ஆனா இங்க எங்கிட்ட உப்பு கேட்டு வர்றாங்க, மொளகா கேட்டு வர்றாங்க. நம்ம ஊருல எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்றாள். அந்தப் பெண் காப்பிச் செடிக்கு நடுவில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். பள்ளிக்கூடம் தூரம் என்று அனுப்பவில்லை. அவள் பாப்பாவைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லையாம். அதைச் சொன்னதும் அண்ணன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் திரும்பி வந்த அன்று பாப்பா வாசலிலேயே நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொள்ளவில்லை. "துன்னியாப்பா அங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். துன்னேன் என்றார். "வருவாங்களா?" என்றாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் ஊரறியக் கொடுக்கிறவராக ஆனார். படிக்கிற பிள்ளைகளுக்கும் ஆளில்லாத வீடுகளுக்கும் அவர் கையால் ஏதாவது போகும். ஆனால் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பமாட்டார். வாசலில் உட்கார்ந்து, "கொஞ்சம் சுண்ணாம்பு குடு தாயி" என்பார். இல்லை, ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். அவர் மடியிலேயே சுண்ணாம்பு டப்பா இருப்பது எல்லோருக்கும் தெரியும். "சுண்ணாம்புக்காரர் வர்றார்" என்று பின்னால் சிரிப்பார்கள். ஏன் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வருடம் தை மாதம் அவர் போய்விட்டார். மூச்சு வாங்குகிறது என்று ஜீப் பிடித்துக் கீழே கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்தது. பாப்பா இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று அவளோடு வேலை செய்யும் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "எங்கப்பா யாருக்கும் இல்லேன்னு சொன்னதே இல்லக்கா. எனக்குக் குடுக்கக் கத்துக் குடுத்ததே அவருதான்." நல்ல பெண். கம்பெனியில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் இவள்தான் முன்னால் நின்று செய்வாளாம். அந்தப் பெண்கள் சொன்னார்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொல்வது தலைகீழ் என்று தெரிந்த ஒருவர் அன்று காலையில்தான் சாம்பலாகி ஆற்றில் கரைந்து போயிருந்தார். மிச்சம் நான் ஒருத்திதான்.

வந்தவர்கள் போனபின் நானும் அவளும் தெருவில் நடந்தோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் திருப்பூருக்கும் எஸ்டேட்டுக்கும் போய்விட்டார்கள். ஊர் முடியும் இடத்தில் நின்றேன். அங்கே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராக வளர்ந்திருந்தது.

"பாப்பா, கடைசி வூட்டு அத்தைய ஞாபகம் இருக்குதா உனக்கு?"

அவள் புதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நெற்றியைச் சுருக்கி நன்றாகத்தான் நினைத்துப் பார்த்தாள்.

"இங்க வூடு இருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.